பக்கத்தில் இருப்பவரின் மொழி

அருப்புக்கோட்டையின் நெசவாளர் தெருக்களில் தறிச் சத்தத்துக்கு நடுவே கன்னடம் கேட்கும். தேவாங்கர் வீடுகளில் பல தலைமுறைகளாகப் பேசப்பட்டு, தமிழ் நிறையக் கலந்து, எழுத்தின் துணை இல்லாமல் வாய்வழியாகவே வாழ்ந்துவரும் கன்னடம் அது. ஊரைத் தாண்டிக் கரிசல் கிராமங்களுக்குள் போனால் ரெட்டியார், நாயக்கர், அருந்ததியர் வீடுகள் பலவற்றில் தெலுங்கு. தெருவில் இறங்கிவிட்டால் எல்லோருக்கும் தமிழ். பள்ளிக்கூடத்தில் தமிழோடு ஆங்கிலம். ஆலைகளுக்கு வடக்கிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கிய பிறகு டீக்கடைகளில் இந்தியும் புழங்குகிறது. திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மானாவாரிப் புஞ்சையும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கும் இந்த வறண்ட சீமையில், பத்து வயதுப் பிள்ளை ஒரே நாளில் இரண்டு மூன்று மொழிகளைக் காதில் வாங்கிக்கொண்டு வளர்வது சாதாரணம்.

அப்படி வளரும் பிள்ளைகளுக்கும் மொழிப்பாடம் என்றால் மனப்பாடச் செய்யுளும் நோட்ஸும்தான். தேர்வு முடிந்த மறுநாள் மறந்துபோகும். பெற்றோருக்கோ மொழி என்றால் ஆங்கிலம், ஆங்கிலம் என்றால் வேலை. இளைஞர்கள் ஏன் மொழி கற்க வேண்டும், அதனால் அவர்களுடைய ஊருக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டால் மதிப்பெண்ணும் சம்பளமும் பாதிப் பதில்தான். மீதிப் பதிலை இந்தச் சீமையில் பிறந்த சிலர் வாழ்ந்தே காட்டியிருக்கிறார்கள்.

திருச்சுழியில் திருமேனிநாதர் கோயிலுக்கு அருகில் உள்ள வீட்டில் 1879 டிசம்பர் 30 அன்று வேங்கடராமன் பிறந்தார். தந்தை சுந்தரம் ஐயர் அந்த ஊரில் வழக்குகள் நடத்திவந்தவர். 1892-இல் தந்தை இறந்துபோக, பையன் மதுரையில் சித்தப்பா சுப்பையர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ஸ்காட் நடுநிலைப் பள்ளி, பிறகு அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளி. படிப்பில் பெரிய அக்கறை இல்லை. ஒருமுறை காதில் விழுந்த பாடம் மனதில் நின்றுவிடும் என்பதால் வகுப்பை ஒப்பேற்ற முடிந்தது. தமிழ் மட்டும் நன்றாக வந்தது.

1896 ஆகஸ்ட் 29. ஆங்கில இலக்கணப் பாடத்தைச் சரியாகப் படிக்காததற்குத் தண்டனையாக, பெயின் எழுதிய இலக்கணப் புத்தகத்தின் ஒரு பகுதியை மூன்று தடவை எழுதிவரச் சொல்லியிருந்தார் ஆசிரியர். இரண்டு தடவை எழுதியாயிற்று. மூன்றாவது தடவை எழுதும்போது கை நின்றது. அதற்கு மேல் எழுத மனம் ஒப்பவில்லை. புத்தகத்தையும் தாளையும் ஒதுக்கிவைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்த தம்பியைப் பார்த்து அண்ணன் நாகசாமி கடிந்துகொண்டார். அன்றே வேங்கடராமன் வீட்டை விட்டுக் கிளம்பினார். அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்காகக் கையில் கொடுக்கப்பட்ட ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாயோடு தமிழில் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையை அடைந்தார். உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிகிறது.

அவருடைய ஆன்மிகத்தைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். மொழி கற்பதைப் பற்றி அவர் வாழ்க்கை சொல்லும் செய்தியைக் கவனித்தவர்கள் குறைவு. இலக்கணத் தண்டனையைப் பாதியில் விட்டுவந்த அந்தப் பையன், பின்னாளில் தமிழோடு சமஸ்கிருதம், தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றிலும் பாடல் இயற்றினார். எந்தப் பள்ளியிலும் போய் அவற்றைப் படிக்கவில்லை.

தொடக்க காலத்தில் அவருக்குத் துணையாக இருந்தவர் பழனிசாமி என்ற மலையாளி. பழனிசாமிக்கு வேதாந்த நூல்களைப் படிக்க ஆசை. ஆனால் கையில் கிடைத்தவை தமிழ்ப் புத்தகங்கள். எழுத்துக்கூட்டி, திணறித் திணறி வாசிப்பார். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் அந்தப் புத்தகங்களைத் தாமே வாங்கிப் படித்து, சாரத்தை எடுத்துச் சொல்லத் தொடங்கினார் ரமணர். அவருக்கு நூற்பயிற்சி வந்த வழி இதுதான். பிறகு மலையாளம் வந்தது, சமஸ்கிருதம் வந்தது, தெலுங்கு வந்தது. வேறு வேறு மொழிக்காரர்கள் தங்கள் புத்தகங்களைக் கொண்டுவந்து சந்தேகம் கேட்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதற்காகவே அந்தந்த மொழியைப் படித்துக்கொண்டார். பிச்சைக்குப் போகும் அடியார்கள் தங்களுக்கென்று ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டதால்தான் அட்சரமணமாலை பிறந்தது. முருகனார் என்ற அடியார் கேட்டதால் தமிழில் எழுதிய உபதேச உந்தியாரை, பிற மொழி அடியார்களுக்காகத் தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் மலையாளத்திலும் தாமே ஆக்கித் தந்தார். 1947-இல் சூரி நாகம்மா என்ற தெலுங்கு அம்மையார் கேட்டுக்கொண்டதன்பேரில் ஏகான்ம பஞ்சகத்தை முதலில் தெலுங்கில் எழுதினார். எழுதியது தெலுங்கு, யாப்போ தமிழ் வெண்பா. பிறகு அதையே தமிழிலும் செய்தார். தெலுங்கை வெண்பாவில் நடக்கவிட்ட திருச்சுழிக்காரருக்கு அப்போது வயது 67.

மூன்று தடவை எழுதச் சொன்ன ஆங்கில இலக்கணம் யாருக்காக என்று அந்தப் பையனுக்குத் தெரியவில்லை. பழனிசாமிக்காகப் புத்தகத்தைக் கையில் எடுத்தபோது யாருக்காக என்று தெரிந்திருந்தது. எல்லோரும் ரமணர் ஆகிவிட முடியாது என்பது உண்மை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் நமக்கு எட்டாத மனிதர் அல்லர். முதலில் ஒரு மொழி அவருக்குள் உறுதியாக வேரூன்றியிருந்தது. அதன் மேல் நின்றுகொண்டு, பக்கத்தில் இருந்தவர்களின் தேவைக்காக அடுத்தடுத்த மொழிகளை எட்டிப் பிடித்தார். மொழி ஆசிரியர்கள் இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டாலே வகுப்பறை மாறிவிடும்.

அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் போகும் வழியில் இருக்கிறது பாலவநத்தம். அதன் ஜமீன்தாராக இருந்தவர் பாண்டித்துரைத் தேவர். இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதியின் உறவினர். தந்தை பொன்னுசாமித் தேவரும் புலவர்களைப் போற்றியவர். மதுரையில் ஒரு சொற்பொழிவுக்குப் போன பாண்டித்துரைத் தேவர், குறிப்பு எடுப்பதற்காகத் திருக்குறளும் கம்பராமாயணமும் கேட்டபோது அங்கே ஒரு பிரதிகூட உடனே கிடைக்கவில்லை என்று சொல்வார்கள். சங்கம் வளர்த்த மதுரையில் இந்த நிலையா என்று அவர் மனம் பட்ட வேதனையிலிருந்துதான் 1901 செப்டம்பர் 14 அன்று மதுரைத் தமிழ்ச் சங்கம் எழுந்தது.

அவர் செய்ததைக் கவனித்துப் பார்க்க வேண்டும். தமிழ் வாழ்க என்று பேசிவிட்டுப் போகவில்லை. பாண்டியன் புத்தகசாலை என்ற நூலகம் வைத்தார். செந்தமிழ்க் கலாசாலை தொடங்கினார். அச்சுக்கூடம் நிறுவினார். படித்தவர்கள் தங்கள் தேர்ச்சியை நிறுவ முறையான தேர்வுகள் நடந்தன. ‘செந்தமிழ்’ இதழ் வந்தது. பல ஆண்டுகள் அச்சேற வழியில்லாமல் கிடந்த சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’யை 1910-இல் வெளிக்கொண்டுவந்ததும் இந்தச் சங்கம்தான். அதே பாண்டித்துரைத் தேவர் 1906-இல் வ.உ. சிதம்பரனார் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார். மொழிக்குப் புத்தகசாலை வைத்த கையே, நாட்டுக்குக் கப்பல் விடவும் பணம் கொடுத்தது. இரண்டையும் அவர் வேறு வேறு வேலையாக நினைத்ததாகத் தெரியவில்லை. 44 வயதில், 1911 டிசம்பரில் அவர் காலமானார்.

ரமணர் கதையில் மனிதர்கள் இருந்தார்கள். பாலவநத்தத்தார் கதையில் இடம் இருக்கிறது. புத்தகம் இருக்கும் இடம், கேட்டால் சொல்லித்தர ஆள் இருக்கும் இடம், கற்றதைக் காட்ட ஓர் அரங்கு. இவை இல்லாத ஊரில் பிள்ளைகளைப் பார்த்து மொழியார்வம் இல்லை என்று குறைசொல்வது நியாயமாகாது.

வீட்டுமொழி வேறாக இருந்தால் தமிழ் வராது என்று சில ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். கரிசல் மண் இதற்குச் சொல்லும் மறுப்பு வலுவானது. கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி என்ற இரண்டு பிள்ளைகள் ஒன்றாக வளர்ந்தார்கள். இருவர் வீட்டிலும் தெலுங்கு. இருவருமே தமிழ்ச் சிறுகதையின் முன்வரிசைக்கு வந்தார்கள்; இருவர் எழுத்துக்கும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கி.ரா. பள்ளிப் படிப்பை முடித்தவர் அல்லர். சம்சாரிகள் என்று கரிசலில் அழைக்கப்படும் விவசாயிகளும் ஆடு மேய்ப்பவர்களும் பெண்களும் பேசிய பேச்சைப் பொறுக்கிச் சேர்த்து, நண்பர்கள் உதவியோடு 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். அகராதி என்றால் பண்டிதர்கள் செய்வது என்றிருந்த நாட்டில், ஒரு விவசாயி தன் மண்ணின் பேச்சுக்கு அகராதி செய்தார். பிறகு புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராகவே அழைத்துக்கொண்டது.

இன்னும் பக்கத்தில் வரலாம். இதே விருதுநகர் மாவட்டத்து மேலாண்மறைநாட்டில் மளிகைக்கடை வைத்திருந்த மேலாண்மை பொன்னுச்சாமி படித்தது ஐந்தாம் வகுப்பு. கடையில் உட்கார்ந்தபடியே வாசித்து, எழுதி, 2007-இல் ‘மின்சாரப் பூ’வுக்காக சாகித்திய அகாதெமி விருது பெற்றார். திருச்சுழி சீமைக்குள்ளேயே இருக்கும் மல்லாங்கிணறு எஸ். ராமகிருஷ்ணனின் ஊர். ஆங்கில இலக்கியம் படித்து, உலக இலக்கியத்தை ஊர் ஊராகப் போய்த் தமிழில் பேசும் அவர், ‘சஞ்சாரம்’ நாவலில் எழுதியது கரிசல் நிலத்து நாதஸ்வரக் கலைஞர்களை. தமிழச்சி தங்கபாண்டியனும் அதே ஊர். ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றியவர். கவிதைக்கு எடுத்துக்கொண்டது கரிசல் காட்டு மனிதர்களையும் அவர்கள் பேச்சையும். இவர்கள் இருவரையும் ஆங்கிலம் ஊரிலிருந்து பிரிக்கவில்லை. ஊரின் பேச்சைக் கூர்ந்து கேட்க ஒரு காதையும் அது கூட்டித் தந்தது.

எழுத்தாளர்கள் விஷயம் சரி, எழுதப்போகாத பிள்ளைக்கு மொழி எதற்கு என்று ஒரு கேள்வி வரும். அதற்கு மக்காச்சோளக் காட்டுக்குப் போக வேண்டும். 2018-19 பருவத்தில் அமெரிக்கன் படைப்புழு தமிழ்நாட்டு மக்காச்சோளத்தில் புகுந்தது. விருதுநகர் மாவட்டத்து மானாவாரிச் சம்சாரிகள் அதுவரை அறியாத புழு அது. குருத்துக்குள் புகுந்துகொண்டு தின்றது. எமாமெக்டின் பென்சோயேட் போன்ற மருந்துப் பெயர்கள் திடீரென்று வீட்டுத் திண்ணைக்கு வந்தன. மருந்து டப்பாவில் சாய்சதுரம் ஒன்று இருக்கும். அதில் சிவப்பு என்றால் கொடிய நஞ்சு. அதற்கு அடுத்தடுத்த நிலைகள் மஞ்சள், நீலம், பச்சை. படிக்கத் தெரியாதவரும் புரிந்துகொள்ளத்தான் அந்த நிறங்கள். ஆனால் ஒரு டேங்குக்கு எத்தனை கிராம், அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும், உடம்பில் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் பொடி எழுத்தில் மடித்து வைத்த தாளில்தான் இருக்கின்றன. அதை எடுத்து அப்பாவுக்கு நிதானமாக வாசித்துக் காட்டும் பதினாறு வயது மகள், அந்த வீட்டுக்கு வேளாண் அலுவலரைவிட முக்கியமானவள்.

பயிர்க் காப்பீட்டு விண்ணப்பம், திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய மனு, வளைகுடா நாட்டு வேலைக்குக் கையெழுத்துக் கேட்கும் ஒப்பந்தம், வங்கியிலிருந்து வந்ததாகச் சொல்லி ரகசிய எண் கேட்கும் குறுஞ்செய்தி. இவற்றையெல்லாம் சந்தேகத்தோடு வாசித்து, புரிந்துகொண்டு, மற்றவருக்குச் சொல்லத் தெரிந்த ஒரு பிள்ளை தெருவுக்கு ஒன்று இருந்தால் ஊர் ஏமாறுவது குறையும்.

இதற்குத் தேவையான வாசிப்புத் திறன் பிள்ளைகளிடம் இருக்கிறதா? 2023-இல், பிள்ளைகளின் கற்றல் நிலையை ஆய்வு செய்யும் ஏசர் (ASER) அமைப்பு நாட்டின் 28 ஊரக மாவட்டங்களில் 14 முதல் 18 வயது வரையிலான சுமார் 35,000 பேரிடம் ஆய்வு நடத்தியது. நான்கில் ஒருவரால் இரண்டாம் வகுப்புப் பத்தியைத் தன் மாநில மொழியிலேயே தடங்கல் இல்லாமல் வாசிக்க முடியவில்லை. ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்தவர்கள் 57 சதவீதம். அப்படி வாசித்தவர்களிலும் நான்கில் ஒருவருக்குப் பொருள் தெரியவில்லை.

ஆங்கிலம் வேண்டும் என்று நெசவாளர் வீட்டுத் தாய் ஆசைப்படுவதில் ஒரு தவறும் இல்லை. அது அவள் உரிமை. வசதியான வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடும் மொழியைத் தன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமாவது தர வேண்டும் என்கிறாள். கேட்பது நியாயம். கிடைப்பதுதான் கோளாறு. வீட்டில் ஒரு சொல் ஆங்கிலம் இல்லாத குழந்தையை முதல் வகுப்பிலேயே ஆங்கில வழியில் உட்காரவைத்து, அறிவியலையும் கணக்கையும் புரியாத மொழியில் மனப்பாடம் செய்ய வைத்தால், பத்தாம் வகுப்பு முடிக்கும்போது ஆங்கிலமும் முழுதாக இராது, தமிழும் முழுதாக இராது. நைஜீரியாவின் இஃபே நகரில் 1970-இல் பேராசிரியர் பாப்ஸ் ஃபஃபுன்வா குழுவினர் ஒரு சோதனை தொடங்கினார்கள். ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு ஆறு ஆண்டுகள் முழுக்கத் தாய்மொழியான யொரூபாவில் பாடம். ஆங்கிலம் நல்ல ஆசிரியரிடம் ஒரு பாடமாக மட்டும். மற்றவர்களுக்கு வழக்கம்போல் மூன்றாண்டுக்குப் பின் ஆங்கில வழி. யொரூபாவில் படித்த குழந்தைகள் மற்றப் பாடங்களில் மட்டுமின்றி ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை; முந்திக்கொண்டார்கள். தாய்மொழிதான் கல்வி தொடங்குவதற்கு ஏற்ற மொழி என்று யுனெஸ்கோ 1953-லேயே சொல்லியிருந்தது.

ஆகவே தொடக்கப் பள்ளியில் பாடம் தமிழில் இருக்கட்டும், ஆங்கிலத்தை நன்றாகப் பேசத் தெரிந்த ஆசிரியர் கேட்டும் பேசியும் பழகும் மொழியாகச் சொல்லித் தரட்டும் என்பதே இந்தக் கட்டுரையின் உறுதியான நிலை. அங்கேயும் ஓர் எச்சரிக்கை உண்டு. கன்னடமோ தெலுங்கோ பேசும் வீட்டிலிருந்து வரும் குழந்தைக்குத் தமிழே இரண்டாம் மொழி. அந்தக் குழந்தை வகுப்பில் வீட்டுச் சொல் ஒன்றைச் சொன்னால் மற்றப் பிள்ளைகள் சிரிக்க விடக் கூடாது. தமிழுக்கு மரியாதை கேட்கும் நாம், நம் தெருவில் எழுத்தில்லாமல் வாழும் சிறு மொழிக்கு அதே மரியாதையைத் தர மறுத்தால், நம் கோரிக்கைக்கு என்ன வலு இருக்கும்?

மொழி தெரியாத இடத்தில் பயம் எவ்வளவு வேகமாக முளைக்கும் என்பதை 2023 மார்ச்சில் பார்த்தோம். பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. தொழிலாளர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் நிலையங்களுக்குப் போனார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்தது. தமிழ்நாடு காவல்துறை இந்தியிலேயே விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தவர்கள், ஒருவரிடம் ஒருவர் இது உண்மையா என்று கேட்டுக்கொள்ள ஒரு பொதுச் சொல் இல்லாமல் போனதும் அந்தப் பீதி பரவ ஒரு காரணம். ஆலைக்கு வந்த ஒடியா இளைஞர் தமிழ் எழுத்தைப் படிக்கவும், ஆலைக்காரத் தமிழ் இளைஞர் அவருடைய மொழியில் நாலு வார்த்தை பேசவும் பழகினால் அதற்கு எந்த மொழிக்கொள்கையும் குறுக்கே நிற்கவில்லை.

இளைஞர்களுக்குச் சில வேண்டுகோள்கள். தேர்வுக்கு வராத தமிழ்ப் புத்தகம் ஒன்றை எப்போதும் கையில் வைத்திருங்கள். பாட்டி பேசும் கன்னடத்தையோ தெலுங்கையோ கைபேசியில் பதிந்து, பொருளோடு ஒரு நோட்டில் எழுதுங்கள்; கி.ரா.வின் அகராதியும் இப்படி ஊரார் பேச்சைச் சேர்த்து உருவானதுதான். ஆங்கிலத்தை உங்கள் வீட்டுக்குத் தேவையான தாள்களிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்: மருந்து டப்பா, காப்பீட்டுப் பத்திரம், வேலை ஒப்பந்தம். புரிந்ததை யாருக்காவது தமிழில் சொல்லிப் பாருங்கள். கரோனாவுக்குப் பின் 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், மாலை நேரங்களில் திண்ணையிலும் கோயில் வாசலிலும் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள்தான். உங்கள் தெருவிலும் எழுத்துக்கூட்டித் திணறும் ஒரு பிள்ளை நிச்சயம் இருக்கும்.

பெரியவர்களுக்கு ஒரு நினைவூட்டல். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் நம் மாநிலத்தில்தான் வந்தது. அந்தச் சட்டத்தின்படி நாம் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகச் சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. உங்கள் ஊர் நூலகம் மாலையில் திறந்திருக்கிறதா, அங்கே பிள்ளைகள் உட்கார இடமும் படிக்கப் புதுப் புத்தகமும் இருக்கிறதா என்று அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். அது நாம் காசு கொடுத்து நடத்தும் இடம்.